சுண்டெலிகளுக்காகக் கடலுக்குப் போகாத ஊர்

சிப்பித்துறையில் எல்லோருடைய தலைக்குள்ளும் பச்சை வெளிச்சம் வந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரத்தில். சாளைக் கூடைக்கு விலை கூவிக்கொண்டிருந்த ஏலக்காரர் மொராயிஸ், எதிரே நின்ற பெண்களின் நெற்றிக்குள் ஏதோ மினுங்குவதைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, நின்றால் மீன் கெட்டுப்போகும் என்று நினைத்து விட்ட இடத்திலிருந்து கூவத் தொடங்கினார். கூவக் கூவ அவர் தலைக்குள்ளும் வெளிச்சம் ஏறிற்று. ஏலம் முடிந்து கூடைகள் எல்லாம் வண்டி ஏறிய பிறகுதான் நாங்கள் ஒருவர் தலையை ஒருவர் நின்று பார்த்தோம். முடியைத் தாண்டி, தோலைத் தாண்டி, எலும்பையும் தாண்டி, சின்னச் சின்ன நட்சத்திரங்கள் ஆயிரம் பதினாயிரமாக, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை விரல் நீட்டித் தொட்டுக்கொண்டு, கடல் பாசியின் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன.

“டாக்டரம்மா எலிக்கு வந்ததுதான் நமக்கும் வந்திருக்கு” என்றார் மொராயிஸ்.

அதை யாரும் மறுக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் டாக்டரம்மாவின் சுண்டெலிகளுக்கு அது வந்திருந்தது.

டாக்டரம்மா என்று நாங்கள் சொல்வது தில்லைநாயகியை. சிதம்பரம் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்க் கோடியில், பழைய உப்புக் கிடங்கை இடித்துக் கட்டிய ஆய்வு மையத்தில் மூளையைப் பற்றிப் படிப்பவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று வந்த நாளிலேயே சொல்லிவிட்டார், ஆனாலும் காய்ச்சல் என்று போகிறவர்களை அவர் திருப்பி அனுப்பியதில்லை. கூடவே வண்டியேறி ஆஸ்பத்திரிவரை வருவார். மூளையில் யோசிக்கிற நரம்புச் செல்களுக்குத்தான் உலகமெல்லாம் பெயர் என்றும், அவற்றுக்குச் சோறு ஊட்டி, கழிவு அள்ளி, ஒன்றையொன்று சரியாகத் தொட வைத்து, காயம் பட்டால் சுற்றிப் போர்த்துகிற தாங்கு செல்களை வெறும் பசை என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்றும், தான் பாதி ஆயுசு செலவழித்தது அந்தத் தாங்கு செல்களுக்காகத்தான் என்றும் பள்ளிக்கூட விழாவில் ஒருமுறை பேசினார். உயிரோடு இருக்கும் மூளைக்குள் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்காக, ஜெல்லி மீனுக்கு வெளிச்சம் தருகிற மரபணுவைச் சுண்டெலிக்குள் வைத்துப் பிறக்கவைத்திருப்பதாகவும், அந்தச் சுண்டெலிகளின் தாங்கு செல்கள் மட்டும் நீல விளக்கின் கீழ் பச்சையாகத் தெரியும் என்றும் சொன்னார். ஜெல்லி மீன் என்றால் எங்கள் ஊரில் சொறி. வலையை நாறடித்து, கையைத் தடிக்கவைத்து, அள்ளி எறிந்தாலும் அடுத்த இழுப்பில் வந்து நிற்கிற சொறி. அதற்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களே என்று அன்று ஊரே சிரித்தது.

அந்த வருஷம் வாடைக்காற்று தொடங்குமுன் கரை முழுக்கச் சொறி ஒதுங்கியது, முழங்கால் உயரத்துக்கு, கண்ணாடிக் களி போல. அவை வெயிலில் கரைந்து மணலுக்குள் இறங்கிய மறுநாள், நீல விளக்கும் இல்லாமல் நுண்ணோக்கியும் இல்லாமல், கூண்டுக்குள் ஓடிய சுண்டெலிகளின் தலைகள் பட்டப்பகலில் ஒளிர்ந்தன. அதற்கு அடுத்த புதன்கிழமை எங்கள் தலைகள். காரணம் கேட்டு வந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை, கேட்டவர்களும் இரண்டு நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முடிதிருத்தும் கடையில் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடுவதை விட்டுவிட்டு வேறு விளையாட்டுக்குப் போனார்கள். பங்குச்சாமி பிரசங்கம் செய்யும்போது கீழே எத்தனை தலைகளில் வெளிச்சம் தணிகிறது என்று பார்த்துப் பார்த்து, பிரசங்கத்தைப் பாதியாகச் சுருக்கினார், அதற்காகவே ஊர் அந்த வெளிச்சத்தை வாழ்த்தியது. யார் என்ன நினைக்கிறார் என்று அதில் தெரியாது. எந்த இடத்தில் மூளை பாடுபடுகிறதோ அந்த இடத்துக்குத் தாங்கு செல்கள் ஓடி ஓடி உழைப்பது மட்டும் தெரியும். கணக்குப் போடுகிற பிள்ளைக்கு ஓரிடத்தில் ஏறும், பாட்டுக் கேட்கிறவருக்கு இன்னோரிடத்தில். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தலையைப் பார்த்தபோது, பெண் எழுந்து மாப்பிள்ளையின் தலையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

வலை காயப்போடும் மணலில் சூசை என்றொருவர் உட்கார்ந்திருப்பார். பிறவியிலேயே பேச்சு வராது, கூப்பிட்டால் திரும்பவும் மாட்டார். அவர் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம், கல்லுக்கு முன்னால் பேசுவது போலப் பேசியும் வந்தோம். வெளிச்சம் வந்தபிறகுதான் தெரிந்தது, எங்கள் ஊரிலேயே நிறைந்து எரிகிற தலைகளில் அவருடையதும் ஒன்று என்பது. பக்கத்தில் யார் எது பேசினாலும் அவர் காதுக்கு மேலே வெளிச்சம் பொங்கியது. இத்தனை வருஷமாக அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பெண்கள் சிலர் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் போய், “சூசையண்ணே, சாப்பிட்டியளா” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆனால் எல்லோருக்கும் அந்த வெளிச்சம் நல்லதாக வரவில்லை. விசைப்படகு ஓட்டுகிற கஸ்பாருக்கும் பிலோமிக்கும் ஜெனோவா என்று ஒரே மகள். ஐந்து வயது. நடந்துகொண்டிருந்தவள் விழத் தொடங்கினாள், சாப்பிட்டது தொண்டையில் சிக்கத் தொடங்கியது, பேச்சு குழறிற்று. பெரிய ஆஸ்பத்திரிகளில் நரம்புக் கோளாறு என்றார்கள், ஓரிடத்தில் பெயர் சொன்னார்கள், இன்னோரிடத்தில் அந்தப் பெயர் இல்லை என்றார்கள், மருந்து இல்லை என்பதை மட்டும் எல்லா இடத்திலும் சொன்னார்கள். புதன்கிழமை வெளிச்சம் வந்தபோது ஜெனோவாவின் தலையிலும் வந்தது. ஆனால் அவள் நெற்றிக்குள் நட்சத்திரங்கள் விரல் நீட்டவில்லை. முடிச்சு முடிச்சாக, நனைந்த பஞ்சு போலத் திரண்டு, ஒன்றையொன்று தொடாமல் மங்கிக் கிடந்தன. பார்த்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தத் திருப்பல்தான் பிலோமியை அறுத்தது. மறுநாள் அவள் மகளின் தலையில் இறுக்கமாக ஒரு துணியைக் கட்டினாள், வெளிச்சம் ஒரு பொட்டுகூடத் தெரியாதபடிக்கு.

ஒரு வாரம் ஊரில் தலைமூடியது அந்த ஒரு பிள்ளைதான். அதன்பிறகு ஒரு காலை, மொராயிஸ் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஏலத்துக்கு வந்தார். அன்று மாலை அவர் மனைவி முக்காடு போட்டாள். அடுத்த நாள் ஐஸ் கம்பெனி ஆட்கள், அதற்கடுத்த நாள் படகுக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் ஏற்கெனவே மூடித்தான் இருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. வாரம் முடிவதற்குள் சிப்பித்துறையில் வெறுந்தலையாக நடந்தவர் ஒரே ஒருவர், டாக்டரம்மா.

அவர் டீக்கடையில் கேட்டார், “என்னாச்சு, எல்லாருக்கும் ஜலதோஷமா?”

கடைக்காரர் ஜெனோவாவின் தலைத்துணியைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நேராகக் கஸ்பார் வீட்டுக்கு நடந்தார்.

பிலோமி வாசலிலேயே நின்றாள்.

“பிள்ளை தலைத்துணியக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கட்டுமாம்மா?”

“எதுக்கு டாக்டரம்மா? ஊரே பாத்துட்டு மூஞ்சியத் திருப்பினது போதாதா?”

“நான் திருப்ப மாட்டேன்.”

பிலோமி வழி விட்டாள். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து, ஜெனோவாவை மடியில் வைத்து, துணியை அவிழ்த்து, வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய தலையில் வெளிச்சம் ஏறுவதைப் பிலோமி பார்த்தாள்.

“இந்த முடிச்ச எனக்குத் தெரியும்” என்றார் டாக்டரம்மா. “என் எலிங்க சிலதுல இதே முடிச்சு இருக்கு. நோய் நரம்புல இல்லம்மா. நரம்பத் தாங்குற செல்லுல இருக்கு. அது ஒரு புரதத்த வேண்டாத அளவுக்குச் செஞ்சு தனக்குள்ளயே குவிச்சுக்குது. குவிச்சது முடிச்சாகிடுது.”

“எலிக்கு வர்ற சீக்கா என் பிள்ளைக்கு வந்திருக்கு?”

“இல்ல. இவள மாதிரி பிள்ளைங்களுக்கு வர்ற நோய நாங்கதான் எலிக்கு வரவெச்சோம். அதே எழுத்துப்பிழைய அதோட மரபணுவுல வெச்சு.”

பிலோமி மகளைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். “அந்த வாயில்லாச் சீவனுக்கு எதுக்கு?” என்றாள்.

“பிள்ளைங்க தலைக்குள்ள போய் என்னால பார்க்க முடியாது. மருந்து ஒண்ணு இருக்கு. அந்தப் புரதத்தைச் செய்யாதேன்னு செல்லுக்குச் சொல்ற மருந்து. எதுல போட்டுப் பார்ப்பேன், சொல்லுங்க.”

அன்று முதல் பிலோமி தினமும் ஜெனோவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆய்வு மையத்துக்குப் போனாள். கூண்டுகள் இருக்கும் அறைக்குள் விட மாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். பிலோமி போனதால் பக்கத்து வீட்டுக்காரி போனாள், அவள் போனதால் தெருவே போயிற்று, கரைக்கு வந்த படகுக்காரர்கள் உப்புக் காலோடு வந்து நின்றார்கள். எலும்புக்குள் இருப்பது வெளியே தெரிந்த அந்தக் காலத்தில், மருந்து போட்ட எலிகளின் தலையில் முடிச்சுகள் இளகுவதை ஒரு ஊரே கண்ணால் பார்த்தது. முதலில் கொடுத்த அளவில் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டிக் கொடுத்ததில் சில எலிகள் செத்தன, அன்று டாக்டரம்மா வீட்டுக்குப் போகாமல் அளவுகளைத் திரும்பக் கணக்குப் போட்டார். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தொட்டபோது, திரண்டிருந்த பஞ்சு பிரிந்து, நட்சத்திரம் நட்சத்திரமாகி, தயங்கித் தயங்கி ஒரு விரலை நீட்டிற்று. பக்கத்து நட்சத்திரம் அதைத் தொட்டது. கண்ணாடிக்கு வெளியே கஸ்பார், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் பாதி எலிகளுக்கு மருந்து இல்லை, வெறும் உப்புத் தண்ணீர்தான். அதில் ஒன்றுக்கு ஜெனோவா சீனி என்று பெயர் வைத்திருந்தாள். சீனி வலைக்கம்பியைப் பிடிக்கப் போய் விழும், எழும், விழும்.

“சீனிக்கும் போடுங்க டாக்டரம்மா” என்றாள் பிலோமி.

“போட முடியாது.”

“மருந்து கையில இருக்கு. அது கண்ணு முன்னால விழுந்து விழுந்து எழும்புது. உங்களுக்கு மனசே இல்லையா?”

“எல்லா எலிக்கும் போட்டுட்டா, மருந்தாலதான் சரியாச்சுன்னு நான் எத வெச்சுச் சொல்றது? தானா சரியாயிருக்கும்னு ஒருத்தர் சொன்னா என் பேச்சு அங்கேயே நின்னுடும். சீனி விழுறதுதான் சாட்சி. ஜெனோவாவுக்கு மட்டுமில்ல, எங்கெங்கயோ இருக்கிற பிள்ளைங்களுக்கு.”

பிலோமி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் திரும்பி வந்தவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவைப் பார்த்தாள். மருந்து கிடைக்காத எலிகளின் கூண்டுகளுக்குத்தான் அவர் முதலில் போனார். ஏறி எடுக்க முடியாதவற்றுக்காகத் தீனியைத் தண்ணீரில் குழைத்துக் கீழேயே வைத்தார், படுக்கையை மாற்றி மெத்தென்று தட்டினார், சீனியைக் கையில் ஏந்தி, முதுகைத் தடவி, அதனிடம் ஏதோ சொல்லிவிட்டு இறக்கினார். பிலோமி தன் மகளுக்குச் சோற்றைக் குழைக்கிற அதே குழைவு. அதற்குப்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊரில் மீன் விற்றுக்கொண்டே போகிற வழியில், “அந்தம்மா மனசு யாருக்கும் வராது” என்று மட்டும் சொன்னாள்.

குழந்தைக்கு மருந்து போட அனுமதி வேண்டும். மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கூண்டுகளைப் பார்த்தார்கள், இரண்டு பக்க எலிகளின் தலைகளையும் பார்த்தார்கள், ஜெனோவாவைப் பார்த்தார்கள், ஊருக்குள் வந்ததும் தங்கள் தலைகளிலும் வெளிச்சம் வந்துவிட்டதைக் கழுவுமிடத்துக் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்தவர், சங்கடத்தோடுதான், சொன்னார்:

“நாங்க பார்த்தோம். நம்பவும் செய்றோம். ஆனா உப்பளம் தாண்டினா இந்த வெளிச்சம் தெரியறதில்ல, படத்துலயும் விழறதில்ல. நாங்க பார்த்தோம்ங்கறத மட்டும் வெச்சு ஒரு குழந்தையோட முதுகுத்தண்டுல ஊசி போடச் சொல்ல முடியாது. எந்த ஊர்ல யார் பார்த்தாலும் தெரியற மாதிரி வேணும் மேடம்.”

எப்படி வேண்டும் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். மூளையை எடுத்து, மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி வைக்க வேண்டும். மருந்து பெற்றவற்றையும், பெறாதவற்றையும்.

அன்று மாலை அவர் படகுக்காரர் சங்கத்துக்குத் தானே நடந்துவந்து சொன்னார். “நாளைக்குக் காலைல செய்யப்போறேன். மறைச்சுச் செய்ய எனக்கு இஷ்டமில்ல. நீங்க எல்லாம் பெயர் வெச்சுப் பழகியிருக்கீங்க.”

 தலைத்துணிகளுக்குள் வெளிச்சம் ஏறி இறங்குவது துணியின் இழைகளில் தெரிந்தது. கடைசியில் கஸ்பார் எழுந்தார்.

“நாளைக்கு நான் படகை எடுக்கல” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் சிப்பித்துறையிலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. நல்ல காற்று, நல்ல நீரோட்டம், பக்கத்து ஊர்ப் படகுகள் நிறைந்து திரும்பின, எங்கள் படகுகள் கரையில் வரிசையாகக் கட்டியிருந்தன. சுண்டெலிக்குப் பூசை வைக்கலாமா என்று பங்குச்சாமியிடம் கேட்டபோது அவர் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். “நம்மளத் தாங்குறவங்க எல்லாருக்காகவும் பூசைய ஒப்புக்கொடுக்கிறேன். யார் யார்னு நீங்க மனசுல வெச்சுக்கோங்க” என்று சொல்லிப் பீடத்துக்குப் போனார். கோயில் நிறைந்திருந்தது. நடுவில் சூசை உட்கார்ந்திருந்தார்.

கூண்டறையில் டாக்டரம்மா அந்த வேலையை மாணவர்களிடம் விடவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, மயக்க மருந்தின் ஆவியில் தூங்கவைத்து, தூக்கம் ஆழமாகும்வரை காத்திருந்து, தானே செய்தார். மூச்சு நின்ற பிறகும் ஒவ்வொரு தலையிலும் வெளிச்சம் கொஞ்ச நேரம் இருந்தது. அது அணையும்வரை அடுத்ததைத் தொடவில்லை. மதியத்துக்குமேல் வெளியே வந்தபோது வாசலில் பிலோமியும் ஜெனோவாவும் நின்றிருந்தார்கள்.

“சீ…னி தூங்குதா?” என்றாள் ஜெனோவா.

பிலோமி ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினாள். டாக்டரம்மா குனிந்து உட்கார்ந்தார்.

“இல்லடா கண்ணு. செத்துப்போச்சு. நான்தான் செஞ்சேன்.”

“வலி…ச்சுதா?”

“வலிக்காம செஞ்சேன்.”

ஜெனோவா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அவருடைய முதுகைத் தடவினாள், எலியைத் தடவுவது போல ஒற்றை விரலால். அத்தனை நேரம் கலங்காதிருந்த டாக்டரம்மா அப்போதுதான் அழுதார்.

சீவல்கள் போன ஊர்களில் எல்லாம் பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி தெரிந்தது. ஒரு பக்கம் முடிச்சு, ஒரு பக்கம் நட்சத்திரம். ஆனாலும் கேள்விகள் வந்தன, பதில் போயிற்று, குரங்குகளில் வேறோர் ஊரில் பார்த்தார்கள், மறுபடி கேள்விகள் வந்தன. அதற்குள் ஜெனோவா நடப்பதை நிறுத்திவிட்டாள், கஞ்சியும் குழாய் வழியாகத்தான் போயிற்று. ஒவ்வொரு வாரமும் டாக்டரம்மா வந்து, என்ன கேட்டிருக்கிறார்கள், என்ன சொல்லியிருக்கிறேன் என்று கஸ்பாரிடமும் பிலோமியிடமும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போவார். நல்ல செய்தி இல்லாத வாரமும் வருவார். கடைசியில் அனுமதி வந்தது, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டார்கள்.

அந்தத் தவக்காலத்தில்தான் வெளிச்சம் எங்களை விட்டுப் போயிற்று. எந்த நாளென்று யாராலும் சொல்ல முடியாது, எல்லோரும் தலையை மூடியிருந்தோம், வெறுந்தலையாக நடந்த டாக்டரம்மாவும் அப்போது மதுரையில் இருந்தார். வெயில் தாங்காமல் யாரோ துண்டை அவிழ்த்தபோது உள்ளே வெறும் தலை இருந்தது. ஒவ்வொருவராக அவிழ்த்தோம். வெறும் தலைகள். ஜெனோவாவின் துணியைப் பிலோமி அவிழ்த்தாள், மருந்து போய்ச் சேர்ந்ததா, முடிச்சு இளகிற்றா என்று பார்க்க. எண்ணெய் தேய்த்து வாரிய முடியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

“இப்ப எப்படித் தெரியும் டாக்டரம்மா?” என்று கேட்டாள்.

“இனிமே நானும் உங்கள மாதிரிதாம்மா. பிள்ளையப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும்.”

பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, பார்ப்பது தெரியாதபடி. ஒரு நாள் அவள் எச்சிலை இருமாமல் விழுங்கினாள். ஒரு நாள் குழாயை எடுத்தார்கள். மழைக்காலம் போய் இன்னொன்று வந்தது. சுவரைப் பிடித்து நின்றாள், சுவரை விட்டு நின்றாள், ஏலம் நடக்கும் இடம்வரை கைப்பிடித்து நடந்துவந்து, மொராயிஸ் கூவுவதைக் கேட்டுத் திருப்பிக் கூவினாள், சொற்கள் கொஞ்சம் குழைந்தாலும் விலை சரியாக இருந்தது. முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்டால் டாக்டரம்மா எப்போதும், “தெரியாது” என்றுதான் சொல்வார். ஆய்வு மையத்தில் புதிய எலிகள் பிறந்திருந்தன, வேறொரு தாங்கு செல்லைப் பற்றிப் படிப்பதற்காக.

ஒரு பிற்பகல் படகுகள் வந்துகொண்டிருந்தன. கஸ்பாரின் படகு அலையைத் தாண்டி மூக்கைத் திருப்பியதும், பெண்கள் நின்ற கூட்டத்திலிருந்து ஜெனோவா பிரிந்து ஓடினாள். ஓடினாள் என்றால் ஓடினாள், கையை வீசிக்கொண்டு, ஈரமணலில், “அப்பா” என்று கத்திக்கொண்டு. பாதியில் நங்கூரக் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தாள்.

கரை நின்றுபோயிற்று. மொராயிஸின் குரல் நின்றது, கூடை தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஜெனோவா தானாக எழுந்தாள். முழங்காலைப் பார்த்தாள். சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. உடனே ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அழுவது போல ஊரைக் கூட்டி அழத் தொடங்கினாள்.

பிலோமி மூச்சிரைக்க ஓடிவந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டி, தட்டிய கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள்.

“கண்ணத் தெறந்து ஓட மாட்டியாட்டி? கயிறு கெடக்குறது தெரியல? எத்தன தடவ சொல்லியிருக்கேன், படகு வரும்போது ஓடாத, ஓடாதன்னு!”

அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதுவரை அவசியம் வந்ததில்லை. ஆனாலும் நிறுத்தாமல் திட்டிக்கொண்டே மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள், கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லோருக்கும் கேட்கும்படி. நாங்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நின்று, அந்தத் திட்டைக் காது நிறையக் கேட்டோம்.